மூன்றாவது விசிலுக்கு முன்

மெர்டேக்கா, அதாவது மலாயாவுக்குச் சுதந்திரம், வந்த வருஷத்தில் நாட்டுக்குக் கொடி வந்தது, என் சகலைக்கு விசில் வந்தது. கொடி ஏறியபோது எல்லோரையும் போல நானும் கை தட்டினேன். விசிலைப் பார்த்துத்தான் எனக்கு வயிறு எரிந்தது. இந்த வயதில் இதை எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்தக் கதை முழுசாகத் தெரிந்தவர்கள் இரண்டே பேர். ஒருவன் நான். இன்னொருவன் அந்தச் சகலை. அவன் வாயைத் திறக்கிற ஆள் இல்லை. அதனால் நானே சொல்லிவிடுகிறேன்.

சகலை என்றால் என் மனைவியின் தங்கை புருஷன். மலாக்காவில் காஜா பேராங்கில், பலகைச் சுவரும் தகரக் கூரையுமாக இருந்த ஒரு வரிசை வீட்டில் அடுத்தடுத்து குடியிருந்தோம். நடுவில் ஒரே ஒரு பலகைதான். அவன் இருமினால் என் வீட்டில் கேட்கும். நான் வீட்டில் எரிந்து விழுந்தால் அவன் வீட்டில் கேட்கும். அவன் எரிந்து விழுந்து நான் ஒருநாளும் கேட்டதில்லை. அதுவே எனக்குப் பிடிக்கவில்லை. மனிதன் என்றால் கொஞ்சமாவது சத்தம் போட வேண்டாமா?

ஒரு எஸ்டேட்டில் புகைக்கூடத்தில் ரப்பர் ஷீட் காயப்போட்டுக் கொண்டிருந்தவனை நான்தான் டவுனுக்குக் கூட்டி வந்தேன். என் பெண்டாட்டி, "தங்கச்சி பக்கத்துல இருந்தா எனக்குத் தொணையா இருக்கும்ங்க," என்று நச்சரித்ததில், எங்கள் ஃபேக்டரி மண்டோரிடம் போய், "நல்ல ஆள், குடிக்க மாட்டான்," என்று என் வாயாலேயே சிபாரிசு செய்தேன். மண்டோர் என்பவர் எங்கள் மேஸ்திரி. முதலாளியான தவுக்கேக்குத் தூரத்துச் சொந்தமான சீனர். எங்களிடம் சந்தை மலாயில்தான் பேசுவார். அவரும் என்னை நம்பி இவனைச் சேர்த்துக் கொண்டார். சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வது என்பது இதுதான்.

எங்கள் ஃபேக்டரி பத்து பெரெண்டாம் என்ற ஊருக்குப் போகிற வழியில் இருந்தது. வீட்டிலிருந்து சைக்கிளில் அரை மணி நேரம். தோட்டங்களிலிருந்து வரும் ஒட்டுப்பால், மண்ணும் பட்டையும் கலந்த கழிவு ரப்பர் எல்லாவற்றையும் கழுவி, உருளைகளில் விட்டு, ஷீட்டாக்கிக் காயவைத்து, கடைசியில் அழுத்திக் கட்டு போடுவார்கள். அந்தக் கடைசி வேலை நடக்கும் இடத்தில்தான் பெரிய பிரஸ் நின்றது. இரண்டு ஆள் உயரம், நாலு இரும்புத் தூண், நடுவில் ஒரு பெட்டி. பெட்டியில் ரப்பர் ஷீட்டுகளை மடித்து அடுக்கினால், கீழேயிருந்து ஒரு இரும்புத் தளம் எழும்பி வந்து எல்லாவற்றையும் மேல் பலகையோடு சேர்த்து நசுக்கும். அந்தத் தளத்தைத் தூக்கியது நெருப்பும் இல்லை, நீராவியும் இல்லை. வெறும் தண்ணீர். ஒரு தொட்டியில் எண்ணெய் கலந்து பால் மாதிரி வெளுத்த தண்ணீர். அதைப் பக்கத்திலிருந்த பம்ப் உறிஞ்சி, என் கட்டைவிரல் பருமன்கூட இல்லாத குழாய்களில் திணித்து அனுப்பும்.

நான் பெட்டியில் ஷீட் அடுக்குகிறவன். நசுங்கி வந்ததும் சாக்கைச் சுற்றிக் கயிறு போட்டுக் கட்டுகிறவன். ஒன்பது வருஷம் அதே வேலை. என் முடிச்சைக் கண்ணை மூடிக்கொண்டு தொட்டே கண்டுபிடிக்கலாம் என்று சொல்வார்கள். இரண்டு முறை சுற்றி உள்ளே விட்டு இழுத்துவிட்டால், அப்புறம் அறுத்தால்தான் உண்டு, அவிழ்க்க முடியாது. அப்படிக் கட்ட ஃபேக்டரியில் வேறு ஆள் கிடையாது.

காலையில் பிரஸ்ஸை ஓட்டித் தயார் செய்கிறவருக்கு ஸ்டார்ட்டர் என்று பெயர். என் காலத்தில் அது ஒரு வயதான சீனர். அவருக்கு இடது கையில் ஆள்காட்டி விரல் பாதிதான். பல வருஷத்துக்கு முன் குழாயில் ஊசி முனை அளவுக்கு ஒரு ஓட்டை விழுந்திருக்கிறது. ஈரமாக இருக்கிறதே என்று விரலால் தடவிப் பார்த்திருக்கிறார். வலியே இல்லையாம். சின்னதாக ஒரு புள்ளி. மத்தியானத்துக்குள் கை முழுக்க வீங்கி, கடைசியில் விரலை எடுத்துத்தான் உயிரைக் காப்பாற்றினார்களாம். தண்ணீர் தோலுக்குள் புகுந்துவிட்டது. அதற்குப் பிறகு அவர் குழாயைக் கையால் தொட்டதே இல்லை. ஒரு நீளமான மூங்கில் குச்சியின் நுனியில் ரப்பர் ஷீட் துண்டைச் செருகி, ஒவ்வொரு மூட்டின் மேலும் காட்டிப் பார்ப்பார். ஒருநாள் அந்தத் துண்டு இரண்டாக அறுந்து விழுந்ததை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். கத்தி இல்லை, ரம்பம் இல்லை. தண்ணீர் வெட்டியது.

அவர் வேலையை விட்டு மூவாரிலிருந்த மகன் வீட்டுக்குப் போனார். அவருடைய பித்தளை விசில் ஒரு வாரம் மண்டோரின் மேஜைக்கு மேல் ஆணியில் தொங்கியது. நான் போகும்போதும் வரும்போதும் அதைப் பார்த்துக்கொண்டே போவேன். ஒன்பது வருஷம் அந்த மெஷினோடு கிடந்தவன் நான், வேறு யாருக்குக் கொடுப்பார்கள்? டவுனில் மாமாக் கடை என்று சொல்லும் தமிழ் முஸ்லிம் கடைக்குப் போய் அந்த விசிலை மாட்டிக்கொள்ள நல்ல கறுப்புக் கயிறு ஒன்று வாங்கி, வீட்டு அலமாரியில் வைத்தேன். யாரிடமும் சொல்லவில்லை. கழுத்தில் தொங்கினால் எவ்வளவு நீளம் வர வேண்டும் என்று கண்ணாடி முன்னால் நின்று அளந்துகூடப் பார்த்தேன்.

திங்கட்கிழமை மண்டோர் விசிலை எடுத்து என் சகலையிடம் கொடுத்தார்.

நான் நேராக மண்டோரிடம் போய் நின்றேன். எனக்கு மறைத்துப் பேச வராது. "நான் ஒன்பது வருஷம், அவன் ரெண்டு வருஷம். என்ன நியாயம் இது?" என்று மலாயில் கேட்டேன். அவர் சிகரெட்டை வாயிலிருந்து எடுக்காமலே சொன்னார்: "லூ ச்செப்பாட். டியா பெலான்." நீ வேகம், அவன் மெதுவு. அவ்வளவுதான். இந்த மெஷினுக்கு மெதுவான ஆள்தான் வேண்டும் என்று கையாலேயே காட்டிவிட்டுப் போய்விட்டார். ஒருவனை வேகமாக வேலை செய்கிறான் என்று சொல்லி மூக்கை உடைப்பதை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

அன்று சாயங்காலம் வீட்டில் இன்னொன்று நடந்தது. என் மனைவி சந்தோஷத்தில் தலைகால் புரியாமல், "தங்கச்சி வீட்டுக்காரருக்கு விசில் குடுத்துட்டாங்களாம்ல! அதை மாட்டிக்க நல்ல கயிறு இல்லைன்னு சொன்னா. நம்ம அலமாரியில ஒரு கறுப்புக் கயிறு சும்மா கெடந்துச்சி, எடுத்துக் குடுத்துட்டேன்," என்றாள். நான் சோற்றில் கையை வைத்தபடி உட்கார்ந்திருந்தேன்.  மறுநாள் காலை சகலை என் கயிற்றில் என் விசிலை மாட்டிக்கொண்டு எனக்கு முன்னால் சைக்கிளில் போனான். நீளம் சரியாக நெஞ்சுக்கு வந்தது.

இனி அவன் பிரஸ்ஸை ஓட்டுகிற அழகைச் சொல்ல வேண்டும். தவறு கண்டுபிடிக்க வேண்டும் என்றே தினமும் நின்று பார்த்ததால் எனக்கு அது மனப்பாடம்.

முதலில் தொட்டியில் தண்ணீர் கோடு வரை இருக்கிறதா என்று பார்ப்பான். குனிந்து பார்ப்பான், பிறகு மறுபடி குனிந்து பார்ப்பான். அடியிலிருந்த சல்லடையை வெளியே எடுத்து, ரப்பர் துணுக்கு ஏதும் ஒட்டியிருந்தால் பொறுக்குவான். பிறகு பம்ப்பின் சக்கரத்தைக் கையாலேயே ஒரு முழுச் சுற்று சுற்றுவான், எங்காவது இடிக்கிறதா என்று. அதன்பின் குழாய் மூட்டுகளில் ஈரம் இருக்கிறதா என்று மூங்கில் குச்சியால் தொட்டுப் பார்ப்பான். பிறகு நாலு தூண், தளத்துக்கு அடியில் யாராவது சுத்தியலையோ கொக்கியையோ மறந்து வைத்திருக்கிறார்களா என்று. கடைசியில் திருப்பு வால்வு. அது திறந்திருந்தால் பம்ப் தள்ளுகிற தண்ணீர் எங்கேயும் முட்டாமல் தொட்டிக்கே திரும்பிவிடும். அது திறந்திருக்கிறதா என்று கையால் திருப்பிப் பார்த்த பிறகுதான் விசிலைத் தொடுவான்.

முதல் விசில், எல்லோரும் மெஷினிலிருந்து கையை எடுக்க. எடுத்தால் மட்டும் போதாது, ஒவ்வொருவரையும் கண்ணால் எண்ணுவான். ஷீட் தூக்கிவரும் சீனர்கள் இரண்டு பேர், பெல்ட்டைப் பார்த்துக்கொள்ளும் மலாய்க்காரப் பெரியவர், நான். நாலு பேரை எண்ண அவனுக்கு அவ்வளவு நேரம். இரண்டாவது விசிலுக்கு மோட்டார். பம்ப் சும்மா ஓடும், தண்ணீர் தொட்டிக்குத் திரும்பும். அதில் குமிழி நிற்கும் வரை காத்திருப்பான். காற்று உள்ளே மாட்டிக்கொண்டால் பிரஸ் குதிக்கும் என்பது எங்களுக்கும் தெரியும். ஆனால் அவன் கடைசிக் குமிழியையும் வழியனுப்பிவிட்டுத்தான் நிமிர்வான். மூன்றாவது விசிலுக்கு எல்லோரும் தூணுக்குப் பின்னால் போய்விட வேண்டும். அப்போதுதான் திருப்பு வால்வை இம்மி இம்மியாக மூடுவான். அழுத்தம் காட்டும் மீட்டரில் முள் ஏறும். சிவப்புக் கோட்டைத் தொட்டதும் வலது தூணருகே மேலே நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு கைப்பிடி தானாகத் தூக்கிக்கொண்டு, அதிகத் தண்ணீரைத் தொட்டிக்குள் சீறித் தள்ளும். அதைத் தும்மல் வால்வு என்போம். அது ஒரு முறை தும்மினால் அன்றைக்குப் பிரஸ் பத்திரம். தும்மாமல் போனால் தண்ணீர் போக வேறு வழி இல்லை, குழாயையோ மூட்டையோ பிய்த்துக்கொண்டுதான் வெளியே வரும். அப்போது அதற்கு மிகப் பக்கத்தில் நிற்பவன் ஸ்டார்ட்டர். ஏனென்றால் திருப்பு வால்வு இருப்பது அங்கேதான்.

எல்லாம் முடிய கால் மணி நேரத்துக்கு மேல் ஆகும். பழைய சீனர் பத்து நிமிஷத்தில் முடிப்பார். பாக்சிக் என்று நாங்கள் மரியாதையாகக் கூப்பிடும் மலாய்க்காரப் பெரியவரிடம் நான், "கல்யாணத்துக்குப் பொண்ணு அலங்காரம் பண்ற மாதிரி பண்றான் பாருங்க பாக்சிக்," என்பேன். அவர் வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு சிரிப்பார். ஆனால் என்னோடு சேர்ந்து திட்டவும் மாட்டார்.

வீட்டில் இதைவிட மோசம். எங்கள் வரிசைக்கு ஒரே குழாய். காலையில் அங்கே வரிசையில் நிற்கும் பெண்களிடம் என் மைத்துனி, "எங்க வீட்டுக்காரரு விசில் ஊதலேன்னா ஃபேக்டரியே நகராது லா!" என்று சொல்வது என் சமையலறை வரை கேட்கும். என் மனைவிக்கு அதில் பெருமை. "எவ்ளோ பொறுமையான மனுசன், நீங்களும் இருக்கீங்களே," என்று அவள் சொன்னது விளையாட்டுக்குத்தான். எனக்கு அன்று முழுக்கச் சாப்பாடு இறங்கவில்லை.

அந்த வருஷம் ஆயுத பூஜை வந்தது. தவுக்கே சீனராக இருந்தாலும் அன்றைக்கு மத்தியானத்தோடு மெஷின்களை நிறுத்தச் சொல்லிவிடுவார். தமிழ் ஆட்கள் கழுவித் துடைத்துச் சந்தனம் குங்குமம் வைப்போம், வாழைக்கன்று கட்டுவோம், பூசணிக்காய் உடைப்போம். பொரியும் சுண்டலும் எல்லோருக்கும் உண்டு. சீனர்களும் வந்து கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுச் சுண்டல் வாங்கிப் போவார்கள். பூஜை முடிந்த மெஷினை மறுநாள் விஜயதசமி அன்று காலையில்தான் முதலில் ஓட்ட வேண்டும். கட்டின மாலை தானாக வாடிக் காய்ந்த பிறகுதான் கழற்ற வேண்டும். இது எங்கள் வழக்கம், மண்டோருக்கும் தெரியும். பெரிய பிரஸ்ஸுக்கு ஒன்பது வருஷமாகக் கட்டி அலங்காரம் செய்தவன் நான்.

அந்தத் தடவை உருளை ஓட்டுகிற தமிழ் ஆள் ஒருவர், "இனிமே ஸ்டார்ட்டர்தானே பொட்டு வைக்கணும்?" என்று கேட்டுவிட்டார். சகலை, "அண்ணனே வைக்கட்டும்," என்று இரண்டு அடி பின்னால் போய்க் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். எனக்கு உரிமையாக இருந்ததை அவன் பெருந்தன்மையாகத் தருகிறான்!  காஜா பேராங்கில் எங்கள் தெருவுக்குப் பின்னால் இருந்த, தமிழ் மறந்து மலாய் பேசும் மலாக்கா செட்டிக் குடும்பத்து அம்மா ஒருவரிடம், மலாயிலேயே பேரம் பேசி, வழக்கத்தைவிட இரண்டு பங்கு பூ வாங்கி வைத்திருந்தேன். அத்தனையையும் அந்தப் பிரஸ்ஸின் மேல் போட்டேன். இந்த மெஷின் யாருடையது என்று எல்லோரும் பார்க்கட்டும் என்றுதான் போட்டேன். சாமி கும்பிடுகிற நினைப்பே இல்லை.

வலது பக்க வாழைக்கன்று நிற்காமல் சாய்ந்துகொண்டே இருந்தது. தூணில் ஒரு சுற்று, மேலே கைக்கு அகப்பட்ட இரும்பில் ஒரு சுற்று என்று இழுத்து என் முடிச்சைப் போட்டேன். அதன்மேல் மாலையைப் பரப்பினேன். நன்றாக நின்றது. எல்லோரும், "பிரமாதம் லா," என்றார்கள்.

மறுநாள் காலை சைக்கிளில் போய்க்கொண்டிருந்தேன். பாதி வழியில், காரணமே இல்லாமல், என் கை அந்தக் கயிற்றை இழுத்தது ஞாபகத்துக்கு வந்தது. மேலே கைக்கு அகப்பட்ட இரும்பு எது? பெடலை மிதிக்காமல் கால் நின்றுவிட்டது. அது தும்மல் வால்வின் கைப்பிடி. தூணோடு சேர்த்து அதை இறுக்கிக் கட்டியிருந்தேன். இனி அது தூக்காது. மாலைக்கு அடியில் கயிறு இருப்பது யாருக்கும் தெரியாது, மாலையை யாரும் கழற்றவும் மாட்டார்கள். அதுவும் என் முடிச்சு.

சொல்லிவிட வேண்டும் என்றுதான் வேகமாக மிதித்தேன். சத்தியமாக அப்படித்தான் போனேன். ஃபேக்டரி வாசலில் மூச்சு வாங்க இறங்கியபோது, மண்டோர் அவருடைய இடத்தில் உட்கார்ந்து கோப்பி குடித்துக்கொண்டிருந்தார். எதிரில் என் சகலை. மண்டோர் தன் கோப்பையிலிருந்து பாதியைச் சாசரில் ஊற்றி அவன் பக்கம் நகர்த்தினார். அவன் இரண்டு கையாலும் எடுத்து ஊதி ஊதிக் குடித்தான். ஒன்பது வருஷத்தில் அந்த மனிதர் எனக்கு ஒரு வாய் பச்சைத் தண்ணீர் நீட்டியதில்லை.

சொல்ல வந்ததைச் சொல்லாமல் சைக்கிளைச் சுவரில் சாத்தினேன். என்ன ஆகிவிடப் போகிறது என்று எனக்கு நானே சமாதானம் சொன்னேன். தும்மாது. இவன் பதறுவான். மோட்டாரை நிறுத்துவான். மண்டோர் முன்னால் முகம் கறுத்து நிற்பான். அவ்வளவுதான். இப்படி நினைத்துக்கொண்டேனே தவிர, அவ்வளவுதான் இல்லை என்று எனக்குத் தெரியும். பாதி விரல் சீனரை எத்தனை வருஷம் பார்த்தவன் நான்!

அவன் தொட்டியைப் பார்த்தான். சல்லடையை எடுத்தான். சக்கரத்தைச் சுற்றினான். தூண்களைச் சுற்றி வந்தபோது நான் வேண்டுமென்றே முதுகைக் காட்டி நின்று ஷீட் அடுக்கினேன். முதல் விசில். எண்ணினான். இரண்டாவது விசில். மோட்டார் ஓடியது, குமிழிகள் போயின. மூன்றாவது விசிலை வாயில் வைத்தவன் ஊதவில்லை.

என்னைப் பார்த்தான். விசில் பல்லில் இருக்கிறது, கண் என் மேல் இருக்கிறது. வழக்கமாக அவன் தாமதிப்பதைவிட இது நீண்ட தாமதம். மலாய்க்காரப் பெரியவர்கூட எட்டிப் பார்த்தார். சொல்வதற்கு எனக்குத் தாராளமாக நேரம் இருந்தது. ஒரு வார்த்தை போதும். "நிறுத்து" என்றால் முடிந்தது. நான் சொல்லவில்லை. அதற்குப் பதில், இன்றுவரை என்னால் மறக்க முடியாத ஒன்றைச் செய்தேன். வழக்கமாக நிற்கிற தூணிலிருந்து இன்னும் இரண்டு எட்டு பின்னால் போய், சாக்கு மூட்டைகளுக்குப் பின்னால் நின்றுகொண்டேன். அதையும் அவன் பார்த்தான்.

விசில் ஊதினான். வால்வை மூட ஆரம்பித்தான். முள் ஏறியது.  சிவப்புக் கோட்டுக்கு ஒரு விரல் இருந்தது, பிறகு அரை விரல், பிறகு தொட்டது. நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

தும்மியது. நன்றாக, வழக்கம் போல, 'ஷ்ஷ்' என்று சீறிக்கொண்டு தும்மியது. கண்ணைத் திறந்தபோது கைப்பிடி என் சாமந்தி மாலையோடு சேர்ந்து மேலே எழும்பி இறங்கியது. சகலை வால்வைத் திறந்து அழுத்தத்தை இறக்கிவிட்டு, முகத்தில் ஒன்றும் காட்டாமல் விசிலைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டான். நான் மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டேன்.

பத்து மணிக் கோப்பிக்குப் போனபோதுதான் தெரிந்தது. என் சட்டையை மாட்டுகிற ஆணியில், சட்டைக்கு மேலே, ஒரு முழம் கயிறு தொங்கியது. இரண்டு பக்கமும் கத்தியால் அறுத்திருந்தது. நடுவில் என் முடிச்சு, அவிழாமல் அப்படியே. நான் வருவதற்கு முன்பே அவன் மாலையைத் தூக்கிப் பார்த்திருக்கிறான். கயிற்றை அறுத்துவிட்டு, வாழைக்கன்றை வேறு ஆணியில் நிறுத்தி, மாலையை இருந்தபடியே போட்டிருக்கிறான். அதன் பிறகு மண்டோரோடு உட்கார்ந்து கோப்பி குடித்திருக்கிறான். பிறகு நாங்கள் எல்லோரும் பார்க்க ஒன்றும் தெரியாதவன் மாதிரி மெஷினைச் சுற்றி வந்திருக்கிறான். மூன்றாவது விசிலுக்கு முன்னால் காத்திருந்தது குமிழிக்காக இல்லை. எனக்காக.

கட்டினது தவறு. அது அவனுக்கும் தெரியும். வாழைக்கன்று கட்டுகிறவன் அவசரத்தில் செய்த காரியம். ஆனால் சாக்கு மூட்டைக்குப் பின்னால் போனது தவறு இல்லை. அதற்கு வேறு பெயர்.

மண்டோரிடம் சொல்வான் என்று அன்று முழுக்கக் காத்திருந்தேன். சொல்லவில்லை. வீட்டில் சொல்வான் என்று பலகைச் சுவரில் காதை வைத்தேன். கேட்டதெல்லாம் அவன் நிதானமாகச் சோறு மெல்லுகிற சத்தம். மறுநாள் குழாயடியில் மைத்துனி என்னைப் பார்த்து, "மாமா, தண்ணி புடிச்சிக்கிங்க," என்று வழக்கம் போலச் சிரித்தாள். அவளுக்கும் தெரியவில்லை. நானாக இருந்தால் ஊரைக் கூட்டியிருப்பேன். அவனால் வாயை மூடிக்கொண்டிருக்க முடிந்ததே என்று அதற்கும் சேர்த்துப் பொறாமைப்பட்டேன்.

ஆனால் அந்த மறுநாள் காலையிலிருந்து அவனுடைய வேலையில் ஒன்று கூடியது. இரண்டாவது விசில் ஊதி, குமிழி போன பிறகு, மோட்டாரை ஓடவிட்டுவிட்டு நேராக நடந்து வந்து என் முன்னால் நின்றான்.

"அண்ணே, சொல்றதுக்கு ஏதும் இருக்கா?"

எனக்கு முகம் சுட்டது. "ஒன்னுமில்ல," என்றேன்.

பிறகு மலாய்க்காரப் பெரியவரிடம் மலாயில் கேட்டான். பிறகு அந்தச் சீனர்கள் இரண்டு பேரிடமும். எல்லோரும் இல்லை என்ற பிறகுதான் மூன்றாவது விசில். மண்டோருக்கு இது ரொம்பப் பிடித்துவிட்டது. கண்ணில் பட்டதைச் சொல்ல எல்லோருக்கும் ஒரு வாய்ப்பு, நல்ல யோசனை என்று தவுக்கேயிடமே சொன்னார். உருளைப் பகுதியிலும் அப்படியே கேட்கச் சொன்னார். ஃபேக்டரி முழுக்க அவனுக்குப் பாராட்டு. அந்தக் கேள்வி எதனால் பிறந்தது என்று அவனைத் தவிர தெரிந்த ஒரே ஆள் நான், பல்லைக் கடித்துக்கொண்டு தினமும் முதல் பதில் சொன்னேன்.

தினமும் என்றால் தினமும். மழை, வெயில், சம்பள நாள், தீபாவளிக்கு மறுநாள். "அண்ணே, சொல்றதுக்கு ஏதும் இருக்கா?" குரலில் குத்தல் இல்லை, கிண்டல் இல்லை. இருந்திருந்தால் சண்டை போட்டிருப்பேன். ஒருமுறை பொறுக்க மாட்டாமல், "ஏன்டா, தெனம் என்னையே மொதல்ல கேக்கணுமா?" என்று சீறினேன். "நீங்கதான்ணே மெஷினுக்குப் பழைய ஆளு," என்றான். சொல்லிவிட்டு நின்றான், பதில் வரும் வரை. "ஒன்னுமில்ல, ஒன்னுமில்ல, போய் ஊது!" என்றேன்.

அடுத்த வருஷம் மழைக்காலம். ஒருநாள் காலை இரண்டாவது விசிலுக்குப் பிறகு அவன் குமிழி பார்க்கத் தொட்டிப் பக்கம் குனிந்திருந்தபோது, திருப்பு வால்வுக்கு நேர் மேலே வளைகிற குழாயின் அடியில் சிமெண்டுத் தரையில் வெள்ளையாக ஒரு சொட்டு விழுவதைப் பார்த்தேன். கூரை ஒழுகல் என்றால் வெள்ளையாக இருக்காது. இன்னொரு சொட்டு. அந்த வளைவு அவன் நெஞ்சு உயரத்தில் இருந்தது. அவன் நிற்கிற இடத்திலிருந்து பார்த்தால் வால்வின் சக்கரம் மறைத்துவிடும். மூங்கில் குச்சியால் பார்த்தபோது பம்ப் ஓடவில்லை, அதனால் அவனுக்கு அகப்பட்டிருக்காது.

அவன் என் முன்னால் வந்து நின்றான். என் கயிறு அவன் கழுத்தில் நரைத்துப் போயிருந்தது.

"அண்ணே, சொல்றதுக்கு ஏதும் இருக்கா?"

"இருக்கு," என்றேன்.

ஒரு நொடி அவனுக்குப் புரியவில்லை. பிறகு முகம் மாறியது. நான் கையை நீட்டிக் காட்டினேன். ஓடிப் போய்ப் பார்க்கவில்லை அவன், தொடவும் இல்லை. முதலில் மோட்டாரை நிறுத்தினான். சக்கரம் நிற்கும் வரை பொறுத்தான். முள் கீழே இறங்கிவிட்டதா என்று பார்த்தான். அப்புறம்தான் குனிந்தான். ஃபிட்டர் வந்து அந்த வளைவைக் கழற்றிக் கையில் வைத்துக் காட்டினார். மயிர் அளவு வெடிப்பு, பாதிச் சுற்று ஓடியிருந்தது. மூன்றாவது விசில் ஊதி அழுத்தம் ஏறியிருந்தால் எங்கே திறந்திருக்கும் என்று ஃபிட்டர் விரலால் காட்டினார். அது என் சகலையின் நெஞ்சைக் காட்டியது. மண்டோர் என்னைப் பார்த்து, "பகுஸ்," என்றார். நல்லது என்று அர்த்தம். பத்து வருஷமாக எதிர்பார்த்த வார்த்தை. அன்றைக்கு அது காதில் ஏறவே இல்லை. சகலை என்ன சொல்லப் போகிறான் என்றுதான் பார்த்துக்கொண்டிருந்தேன்.  சாயங்காலம் சைக்கிளில் என் பக்கத்திலேயே வந்தான், முந்தாமல்.

மறுநாள் காலை முதல் விசில், இரண்டாவது விசில், குமிழிகள் எல்லாம் ஆயின. நான் பதிலோடு தயாராக நின்றேன். அவன் என்னைத் தாண்டிப் போய் மலாய்க்காரப் பெரியவர் முன்னால் நின்று அவரை முதலில் கேட்டான். பிறகு சீனர்களை. கடைசியில் என்னிடம் வந்தான், கேள்வியைக்கூடக் கேட்கவில்லை. லேசாகத் தலையை அசைத்தான், நானும் அசைத்தேன். கணக்கு தீர்ந்துவிட்டது, இனி இல்லை என்று அதற்கு அர்த்தம். எனக்கு நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். ஆனால் ஒரு வருஷமாக அவன் தினமும் முதலில் வந்து நின்றது என் முன்னால்தான். இப்போது அந்த இடத்தில் பாக்சிக் நின்றார். வெற்றிலைக் கறைப் பல்லைக் காட்டி, "தாக் அடா," ஒன்றுமில்லை, என்று அவர் பெரிய மனிதர் மாதிரிச் சொன்னபோது எனக்கு வயிறு எரிந்தது.